கரி தடவி வந்த கடுதாசி

1

எனக்கு வயசு அறுபத்தெட்டு. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது நாலு. மூணு பெண்களும் கட்டிக்கொடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். கடைசிப் பயல் மாயாண்டியோடும் அவன் பெண்டாட்டி பேச்சியோடும் நான் பினாங்கில் இருக்கிறேன். வந்து மூணு வருசம் ஆகிறது.

வயசு நான் போட்ட கணக்கு. போன மாசம் இங்கே எல்லாருக்கும் போட்டோ ஒட்டிய அடையாளக் கார்டு கொடுத்தார்கள். காட்டுக்குள் சண்டை நடக்கிறது, கார்டு இல்லாதவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்றார்கள். ஆபீசில் இருந்தவன் பிறந்த தேதி கேட்டான். தாது வருசப் பஞ்சம் முடிந்து மூணாவது வெள்ளாமையில் பிறந்தேன் என்றேன். அவன் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். என்கூட வந்த பேத்தி ராக்கு அவனிடம் மலாய் பாசையில் என்னவோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டான்.

"என்னடி சொன்ன?"

"ஜனவரி ஒண்ணுன்னு சொன்னேன் அப்பத்தா. எல்லாக் கெழவிக்கும் அதத்தான் போடுறாங்க."

எட்டு வயசுப் பிள்ளை. சர்க்கார் காகிதத்தில் எனக்கு ஒரு பொய்த் தேதியை ஏற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு நடக்கிறாள். பெருவிரலை மையில் அமுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். ஒச்சம்மாள். ஆறு எழுத்து. எனக்குப் பின்னால் வரிசை தெருவரைக்கும் நின்றது. நிற்கட்டும்.

மதுரையில் மாதப் பத்திரிகை நடத்துகிற நம்ம பக்கத்துத் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். "பேப்பரில் வந்ததையும் கடுதாசியில் வந்ததையும் பொய் என்று கண்டுபிடித்து மருமகளின் தாலியைக் காப்பாற்றிய ஆத்தாவே, அது எப்படி என்று நம்ம பெண்களுக்கு எழுதி அனுப்புங்கள்" என்று. ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் போல. அதனால் எழுதுகிறேன். பென்சிலால், கூட்டிக் கூட்டி. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. எனக்கு வேறு வேலை இல்லை.

2

சப்பான் சண்டைக்கு முந்தி நாங்கள் எழுமலைக்குக் கிழக்கே இருந்தோம். மாயாண்டி பினாங்குத் துறைமுகத்தில் அரிசிக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதப் போனவன். ஒரு தடவை லீவில் வந்து, என் அண்ணன் மகள் பேச்சியைக் கட்டி, நாலு மாசம் இருந்துவிட்டுக் கப்பலேறினான். ராக்கு பிறந்தது கடுதாசியில்தான் அவனுக்குத் தெரியும்.

எழுமலையில் காப்பிக் கடை வாசலில் டெய்லர் சுப்பையா மிசின் போட்டிருந்தார். மத்தியான பஸ்ஸில் மதுரையிலிருந்து முந்தின நாள் பேப்பர் வரும். அவர் மிசினை நிறுத்திவிட்டு உரக்க வாசிப்பார். சுற்றி இருபது பேர் இருப்பார்கள். அதில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

அந்த மார்கழியில், சப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான் என்று சேதி வந்தது. நான் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னதும் மடியில் இருந்த பருத்தியோடு அப்படியே காப்பிக் கடைக்குப் போனேன்.

"என்னப்பா போட்டுருக்கு?"

சுப்பையா என்னைப் பார்க்காமல் வாசித்தார். துறைமுகத்து அரிசிக் கிடங்குகளில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள், இவ்வளவுதான்.

"மாயாண்டி பேரு போட்டுருக்கா?"

"பேரெல்லாம் போடல ஆத்தா."

"பேரு இல்லாம எப்பிடி நம்புறது?"

"அச்சுல வந்துருச்சே ஆத்தா" என்றார் அவர்.

அன்றைக்கு எனக்கும் அச்சு என்றால் அப்படித்தான். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறவன் பொய்யை அடுக்குவானா என்று நினைத்தேன். ஆனாலும் பேர் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன்.

3

ஒரு மாசம் கழித்துக் கடுதாசி வந்தது. நாலு மூலையிலும் கரி தடவி.

நம்ம பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சேதிக்கு மஞ்சள், சாவுக்குக் கரி. கரிக் கடுதாசியை நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோகக் கூடாது. தெருவில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். தபால்காரர் அதை என் கையில் கொடுக்காமல் சுப்பையாவிடம் கொடுத்தார். அவர் தெருவில் நின்று ரெண்டு வரி வாசித்தார். மாயாண்டி கிடங்கில் குண்டு பட்டு இறந்துபோனான் என்று இருந்தது. அவ்வளவுதான், பொம்பளைகள் குலவை மாதிரி ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். சுப்பையா கடுதாசியை எட்டாகக் கிழித்து வேலியில் எறிந்தார்.

பேச்சியின் அண்ணன் விருமாண்டி அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேனி கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் செய்து கொளுத்திக் காரியம் பண்ணுவது வழக்கம். பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்குத் தாலி அறுப்பு. எல்லாம் அவனே பேசி முடித்தான்.

"பேப்பரும் சொல்லிருச்சு, கடுதாசியும் சொல்லிருச்சு. இதுக்கு மேல என்னத்தை சாட்சி வேணும்?" என்றான்.

பொழுது சாயும்போது வேலிக்குப் போய் அந்தத் துண்டுகளைப் பொறுக்கினேன். சந்தேகப்பட்டுப் பொறுக்கினேன் என்று ஊரில் சொல்கிறார்களாம். அது இல்லை. அதில் எங்கேயோ என் மகன் பேர் எழுதியிருக்கும், அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். எது அவன் பேர் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஓரெழுத்துக்கூடத் தெரியாது. அதனால் எட்டையும் எடுத்துவந்தேன். முறத்தின் முதுகில் கஞ்சி தடவி ஒட்டிக் காலையில் சுப்பையாவிடம் கொண்டுபோனேன்.

"இதெல்லாம் கையில தொடக்கூடாது ஆத்தா."

"அவன் பேரு எதுன்னு மட்டும் காட்டு, போயிர்றேன்."

காட்டினார். காட்டியவர் கண் கீழே இறங்கியது. வாய் முணுமுணுத்தது. பிறகு என்னைப் பார்த்து, "ஆத்தா, நான் நேத்து முழுசா வாசிக்கல" என்றார்.

மூணாவது வரியில், இந்தச் சேதியைப் பேப்பரில் பார்த்துக் கலங்கிப்போய் எழுதுகிறேன் என்று இருந்தது. எழுதியவன் பேர் கருப்பையா, ஊர் கொட்டாம்பட்டி. மாயாண்டியோடு ஒரே அறையில் இருந்தவன்.

ரெண்டு வரியில் சாவு தெரிந்துவிட்டது என்று மூணாவது வரியைப் படிக்காமல் கிழித்தோம். காலங்காலமாக நாங்கள் அப்படித்தான் கிழித்திருக்கிறோம். அதில் எத்தனை கடுதாசிக்கு மூணாவது வரி இருந்ததோ.

4

கொட்டாம்பட்டி எங்கள் ஊருக்கு எதிர்த் திசை. மதுரை தாண்டித் திருச்சி ரோட்டில் போக வேண்டும். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் கரி உலை வைத்து ஓட்டுவார்கள். மேட்டைக் கண்டால் எல்லாரும் இறங்கித் தள்ளணும். நானும் தள்ளினேன்.

செல்லூரில் மூத்த மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு மேல் கத்தித்தான் பேசணும்.

"போகாத ஆத்தா. அவன் ஆமான்னு சொல்லிட்டா என்ன செய்வ?"

"அழுதுட்டு வாரேன்."

கருப்பையா மிளகாய்ச் செடிக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தான். மாயாண்டியின் ஆத்தா என்றதும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு அழுதான். அழுது முடிக்கட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"எம்மகன் பொணத்தப் பாத்தியாப்பா?"

"இல்லாத்தா."

"குண்டு விழுந்ததப் பாத்தியா?"

"இல்லாத்தா. நான் கப்பலேறி மூணாம் நாளு விழுந்துச்சாம். நாகப்பட்டணத்துல எறங்குனப்பத்தான் எனக்கே தெரியும்."

"அப்ப எத வச்சுக் கரியத் தடவுன?"

"பேப்பர்ல வந்துச்சே ஆத்தா. ஒரே பானையில திண்டவங்க நாங்க. நான் எழுதலைன்னா உங்களுக்கு யாரு எழுதுவான்னு மனசு கேக்கல."

"பேப்பர்காரனுக்கு யாரு சொன்னதாம்?"

சோளக் கஞ்சி கொண்டுவந்த அவன் பெண்டாட்டிதான் சொன்னாள். "எறங்குன அன்னைக்கு ஒரு பேப்பர்காரரு வந்து கப்பல்காரகளையெல்லாம் விசாரிச்சாருன்னு சொன்னீகளே."

தண்ணி மடை மாறிப் பக்கத்துப் பாத்தியில் பாய்ந்தது. கருப்பையா கவனிக்கவில்லை.

"கிடங்குப் பக்கம் எப்பிடின்னு கேட்டாரு. தகரக் கூரை, உள்ள அம்புட்டும் சாக்கு, குண்டு விழுந்திருந்தா ஒருத்தன் மிஞ்சியிருக்க மாட்டான்னேன். யோசனையாச் சொன்னேன் ஆத்தா. பேப்பர்ல அத வாசிச்சப்ப, வேற யாரோ கண்ணால பாத்துட்டு வந்து சொல்லியிருக்காங்கன்னுதான் நெனச்சேன். நான் சொன்னதே திரும்பி வந்துருக்குன்னு இப்பத்தான் படுது."

பேப்பர் ஒரு சாட்சி, கடுதாசி ஒரு சாட்சி என்று ஊரே சொன்னதே. ரெண்டும் ஒரே வாய். அந்த வாயும் பார்க்காத வாய்.

அவனைத் திட்டத் தோன்றவில்லை. நல்ல பையன். கூட்டாளிக்காக அழுதவன். பொய்ச் சேதி கெட்டவன் வாயிலிருந்துதான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தேன்.

5

இங்கே பினாங்கில் மூலைக் காப்பிக் கடையில் மூணு பாசையில் பேப்பர் தொங்குகிறது. போன வாரம் ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் லாரி எரிந்தது. ஒரு பேப்பரில் லாரி மட்டும் எரிந்ததாம், இன்னொன்றில் ஆளும் எரிந்ததாம். மாயாண்டி வாசித்துவிட்டுப் பல்லைக் கடிப்பான்.

"யாரு பாத்தது?" என்பேன்.

"ஆத்தா ஆரம்பிச்சுட்டா" என்பான். அவன் பேசுகிற நாலு பேச்சில் அது ஒன்று. சண்டைக்கு அப்புறம் அவன் ரொம்பப் பேசுவதில்லை.

ராக்குவுக்கு நான் கேட்பது விளையாட்டு. வைகை ஆறு என்றால் கப்பல் வருமா என்று கேட்கிற பிள்ளை அது. பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னால் "சியாப்பா தெங்கோ?" என்று கேட்கிறாளாம். யார் பார்த்தது என்று அர்த்தமாம். என் கேள்வி எனக்கே புரியாத பாசைக்குப் போய்விட்டது.

கருப்பையா வீட்டிலிருந்து திரும்பியபிறகுதான் நான் எழுத்துப் படித்தேன். அறுபது வயசில். சுப்பையா துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் மிசின் பலகையில் எழுதிக் காட்டுவார், நான் அழித்து எழுதுவேன். காப்பி குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். மூணாவது வரியை இனி நானே படிப்பேன் என்று சொன்னபின் சிரிப்பு நின்றது.

6

கருமாதி நின்றது. ஆனால் விருமாண்டி விடவில்லை. என் அண்ணன் மகன் முட்டாள் இல்லை.

"அத்தை, மாப்ள செத்தத அந்த ஆளு பாக்கல. சரி, ஒத்துக்கிர்றேன். உசுரோட இருக்குறத யாரு பாத்தா?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"எந்தங்கச்சிக்கு இருவது வயசு. உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்தன் கேக்குறான். பெண்டாட்டி பிரசவத்துல போயிட்டா. சொந்தக் கெணறு, தங்கமான மனுசன். நம்மள்ல அறுத்துக் கட்டுறது புதுசா? இல்லாத மகனுக்கு நீங்க இவளக் காவல் வைக்கிறீக."

பேச்சி வாசலில் ராக்குவைக் காலில் போட்டுத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டான். அவள் நிமிராமலே, "அத்தை சொல்றபடி" என்றாள்.

மாசிப் பச்சைக்குக் குலசாமி கோயிலில் எல்லாரும் கூடுவோம். அடுத்த வருசப் பச்சை வரை பொறுப்பது, அதற்குள் சேதி வராவிட்டால் காரியம் பண்ணிவிட்டு அவளை அனுப்புவது என்று பேசி முடித்தோம். ஒரு வருசம் கெடு. நானும் சரி என்றுதான் சொன்னேன். அவன் செத்திருந்தால் இவள் என்னோடு கிடந்து காய்வதில் என்ன ஞாயம்.

தபால் ஒன்றும் வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அடைத்துப்போயிருந்தது.

7

மறு வருசம் தை பிறந்து ஒரு ஆள் வந்தான். பினாங்கிலிருந்து சயாம் வழியாகத் தப்பி, பர்மாக் காட்டில் நடந்து வந்தேன் என்றான். பாதமெல்லாம் புண். கடல் தாண்டிப் போனவர்கள் வீடு எது எது என்று தெருவில் விசாரித்துக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தான். மாயாண்டியைப் பார்த்தேன் என்றான். காய்ந்து போயிருந்தான், ஆனால் சிரித்த முகம், ஆத்தா கையால் ஒரு வாய் கம்பங்கூழ் குடித்தால் போதும் என்று தன் தோளில் சாய்ந்து அழுதான் என்றான்.

நான் கோழி அடித்துச் சோறு போட்டேன். மாயாண்டியின் வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். பேச்சி அன்றைக்குத்தான் ஒரு வருசம் கழித்துத் தலையில் பூ வைத்தாள்.

மாயாண்டி சின்ன வயசிலிருந்தே கம்பங்கூழைத் தொட மாட்டான். அந்த ஆள் சொல்லும்போதே எனக்கு அது தெரிந்தது. பட்டினி கிடந்தால் ருசி மாறாதா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிடிக்காத சேதியை முறத்தில் ஒட்டி, ரெண்டு பஸ் ஏறிப் போய்த் தோண்டினேன். பிடித்த சேதிக்குக் கோழி அடித்தேன்.

மூணு நாள் பொறுத்தேன். நாலாம் நாள் மனசு உறுத்த, அந்த ஆள் எந்த ஊர் வழியாக வந்தானோ அந்த ஊருக்கு நடந்தேன். அங்கே ஒரு வீட்டுப் பையன் சிங்கப்பூருக்குப் போயிருந்தான். அவன் ஆத்தா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ள உசுரோட இருக்கான்த்தா. பாத்த ஆளே வந்து சொன்னாரு. காஞ்சு போயிருக்கானாம், ஆனா சிரிச்ச மொகமாம். எங்கையால ஒரு வாய் கம்பங்கூழு குடிச்சாப் போதும்னு தோள்ல சாஞ்சு அழுதானாம்."

என் மகன் அழுத அழுகை. வார்த்தை பிசகாமல் அப்படியே.

அந்தம்மா வாசலுக்குப் புதுசாகச் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். "நல்லதுத்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவள் மகன் கடைசிவரை வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பேச்சி வாசலில் நிற்கிறாள். நான் எங்கே போனேன், எதற்குப் போனேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தாளு சொன்னது நெசந்தானா அத்தை?"

மாசிப் பச்சைக்குப் பத்து நாள் இருந்தது.

"நெசந்தான்" என்றேன். "விசாரிச்சுட்டேன். நெசந்தான்."

8

விருமாண்டி வந்தபோது அவளே பேசினாள். அத்தை நேரில் போய் விசாரித்துவிட்டார்கள், எம்புருசன் இருக்கார், நான் வரமாட்டேன் என்றாள். என் பேச்சை யார் மறுப்பார்கள்? கருப்பையா கடுதாசியின் வேரைத் தோண்டியவள் அல்லவா நான். உசிலம்பட்டிக்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பேச்சி களை எடுத்தாள், பருத்தி எடுத்தாள், பிள்ளையை வளர்த்தாள். மூணு வருசம் போனது.

சண்டை ஓய்ந்து மாயாண்டி கைப்பட எழுதிய கடுதாசி வந்தது. மூலையில் மஞ்சள் இல்லை, கரியும் இல்லை. நானே தெருவில் நின்று கடைசி வரிவரை வாசித்தேன். குண்டு விழுந்த அன்றைக்கு அவன் கிடங்கிலேயே இல்லை, மூட்டை ஏற்றிவர வெளியூர் போயிருந்தான். மறு வருசம் அவனே வந்து எங்களை இங்கே கூட்டிவந்தான். ஒச்சம்மா சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. அந்தப் பெருமையை இத்தனை வருசமாக உடுத்திக்கொண்டு திரிகிறேன்.

போன பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டே பேச்சி சொன்னாள். "அந்த நடந்து வந்த மனுசன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும் அத்தை. அவரு மட்டும் வரலைன்னா நான் அண்ணன் கூடப் போயிருப்பேன்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று என்னால் சொல்ல முடியாது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்திரிகைத் தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, சொன்னவனுக்குச் சொன்னவன் யார் என்று கேட்கணும். ரெண்டு பேர் சொன்னால் ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் சொன்னானா என்று கேட்கணும். முழுக்கப் படித்துவிட்டுக் கிழிக்கணும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளின் பொய் வாசலோடு நின்றிருக்கும். என் வாய்க்கு மரியாதை இருந்ததால் அது ஒருத்தியின் மூணு வருசத்தைத் தின்றது. மாயாண்டி வந்தது அவன் ஆயுசு. அவன் வந்ததால் நான் சொன்னது நெசமாகிவிடாது. வராமல் இருந்திருந்தால் பேச்சி இன்னும் அந்த வாசலில்தான் நின்றிருப்பாள். அவளைக் கேட்டால் அத்தை சொல்றபடி என்றுதான் சொல்லியிருப்பாள்.

அச்சில் வந்தபிறகு அவள் அடுத்தவர் வாயால் இதைக் கேட்கக் கூடாது. அதனால் அனுப்புவதற்கு முந்தி ஒரு வேலை இருக்கிறது. ராக்கு பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

ராக்கு, இங்க வாத்தா. அப்பத்தா எழுதுனத மொதல்ல இருந்து வாசி. உங்க ஆத்தா பின்கட்டுல துணி அலசிக்கிட்டு இருக்கா, அவளக் கூட்டியாந்து உக்கார வையி. ஏழாவதுல நான் நெசந்தான்னு சொன்ன எடம் வரும். அங்க அவ மொகத்தப் பாத்துட்டு நிறுத்திராத. கடைசி வரிவரைக்கும் வாசி.